பலகை நிறைந்தால் பகா எண்: 2¹²⁷ − 1-ஐக் கையால் சோதித்த அனுபவம்

170141183460469231731687303715884105727.

இந்த 39 இலக்க எண்ணை 1-ஆலும் அந்த எண்ணாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுக்க முடியாது. 1876-இல் எதுவார் லூக்காஸ் என்ற பிரெஞ்சுக் கணிதர் இதை நிறுவினார். அப்போது கணினி கிடையாது. அதற்குப் பிறகு 75 ஆண்டுகள், 1951 வரை, மனிதருக்குத் தெரிந்த பகா எண்களில் மிகப் பெரியது இதுதான். எந்தப் பொறியின் துணையும் இல்லாமல் கையால் சோதிக்கப்பட்டவற்றில் இன்றைக்கும் பெரியது இதுவே.

இதைப் பல முறை படித்திருக்கிறேன், நம்பவும் செய்தேன். ஆனால் ஒரு மனிதர் பேனாவும் தாளும் வைத்துக்கொண்டு இத்தனை பெரிய எண்ணை எப்படி ஆராய முடிந்தது என்பது மட்டும் பிடிபடவே இல்லை. வாய்பாடு தெரியும், ஆனால் கைக்கு வரவில்லை. சரி, செய்து பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். ஒரு வாரம் ஆயிற்று. அந்த வாரத்தில் செய்தது, தப்பியது, திருத்தியது எல்லாம் இங்கே.

எண்ணை எழுதுவது

எந்த எண்ணைச் சோதிக்கப் போகிறோமோ அதை முதலில் நானே கணக்கிட்டு எழுத வேண்டும் என்று நினைத்தேன். 2-ஐ 127 முறை இரட்டிப்பதைவிட 2⁶⁴-ஐயும் 2⁶³-ஐயும் ஒரே தடவை பெருக்கிவிடுவது மேல். 18446744073709551616-ஐ 9223372036854775808-ஆல் பெருக்க வேண்டும். கட்டம் போட்ட தாளைப் படுக்கைவாட்டில் திருப்பி, கட்டத்துக்கு ஓர் இலக்கமாக எழுதினேன். பெருக்கும் எண்ணில் பூச்சியம் இரண்டு இடத்தில் இருப்பதால் 19 வரிசைக்குப் பதில் 17 வரிசைதான். எழுதிக் கூட்டி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது.

விடை சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அச்சில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டால் வேலை சுலபம்தான். ஆனால் அது கூடாது என்று வைத்துக்கொண்டேன். ஆகவே 9-ஆல் வகுத்த மீதி, 11-ஆல் வகுத்த மீதி என்ற இரண்டு பழைய சோதனைகளைப் பிடித்தேன்.

2-இன் அடுக்குகளை 9-ஆல் வகுத்தால் மீதி 2, 4, 8, 7, 5, 1 என்று வந்து, மறுபடி 2-இலிருந்து தொடங்கும். ஆறுக்கு ஒரு சுற்று. 127-ஐ 6-ஆல் வகுத்தால் மீதி 1. ஆக 2¹²⁷-ஐ 9-ஆல் வகுத்தால் முதல் இடத்து 2 மீதி வர வேண்டும். என் விடையின் இலக்கங்களைக் கூட்டினேன்: 155. 1 + 5 + 5 = 11. 1 + 1 = 2. பொருந்தியது. பாதி நிம்மதி.

அப்புறம் 11. இங்கே மீதிகள் 2, 4, 8, 5, 10, 9, 7, 3, 6, 1 என்று பத்துக்கு ஒரு சுற்று. 127-ஐ 10-ஆல் வகுத்தால் மீதி 7, ஏழாவது இடத்தில் இருப்பதும் 7. வலக்கோடியிலிருந்து இலக்கங்களை ஒன்றைக் கூட்டி அடுத்ததைக் கழித்து, மறுபடி கூட்டி, மறுபடி கழித்துக்கொண்டே போனால் இந்த 7 வர வேண்டும். எனக்கு 19 வந்தது, 11-ஆல் வகுத்தால் மீதி 8. கூட்டலில் தப்போ என்று மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் 8.

தேடிப் பிடிக்க அரை மணி நேரம் ஆனது. பெருக்கலில் தப்பில்லை. வரிசைகளைக் கூட்டி வந்த விடையைச் சுத்தமாகப் படியெடுக்கும்போது 303715 என்று இருந்ததை 303175 என்று எழுதியிருந்தேன். 7-உம் 1-உம் இடம் மாறிவிட்டன. இலக்கங்களின் கூட்டுத்தொகை மாறாததால் 9-க்கு இந்தத் தப்பு தெரியாது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் 11-க்கு மட்டும் கட்டாயம் தெரியும். ஏனென்றால் கூட்டல் கழித்தல் மாறி, விடை அந்த இரண்டு இலக்கங்களின் வித்தியாசத்தைப் போல இரு மடங்கு நகரும். அது 11-இன் மடங்காக இருக்கவே முடியாது. இனி எந்தப் பெரிய எண்ணைக் கையால் எழுதினாலும் இரண்டு சோதனையும் போடுவேன்.

திருத்தி, ஒன்றைக் கழித்து, கடைசியில் 728-ஐ 727 ஆக்கினேன். எண் கைக்கு வந்தது.

வகுத்துப் பார்த்தால் என்ன?

பகா எண்ணா என்று அறிய எல்லோருக்கும் முதலில் தோன்றுவது வகுத்துப் பார்ப்பது. வர்க்கமூலம் வரை போனால் போதும். இந்த எண்ணின் வர்க்கமூலம் ஏறத்தாழ 1.3 × 10¹⁹. நொடிக்கு நூறு கோடி வகுத்தல் செய்யும் கணினி இருந்தாலும் 2, 3, 4 என்று வரிசையாகப் போனால் 400 ஆண்டுக்கு மேல் ஆகும்.

இந்த வகை எண்ணுக்கு ஒரு சலுகை உண்டு. p ஒற்றைப் பகா எண்ணாக இருந்தால், 2ᵖ − 1-இன் எந்தக் காரணியும் 2p-இன் ஏதோ ஒரு மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்கும். அதோடு, 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும். 2¹¹ − 1 = 2047-ஐப் பாருங்கள். அது 23 × 89. 23 என்பது 22 + 1. 8-ஆல் வகுத்தால் மீதி 7. 89 என்பது 4 × 22 + 1, மீதி 1. இரண்டும் சொன்ன சொல் தவறவில்லை. இதே போன்ற சலுகையை வைத்துத்தான் கணிதர் ஆய்லர் 1772-இல் 2³¹ − 1 = 2147483647 பகா எண் என்று வகுத்தே காட்டினார். அவர் பார்க்க வேண்டியிருந்தவை 46340-க்குள், அதிலும் 248-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63 வருபவை மட்டும்.

நம் எண்ணுக்கு இதையே செய்தால் 508 எண்களுக்கு ஒன்றைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். 400 ஆண்டு ஏறத்தாழ 10 மாதமாகக் குறையும். பெரிய லாபம்தான், ஆனாலும் லூக்காஸ் போன வழி இதுவாக இருக்க முடியாது. அவர் ஒரு தடவைகூட வகுத்துப் பார்க்காமலே இதைச் சொன்னார்.

தொடர்

அந்த வழியை டெரிக் ஹென்றி லெமர் என்ற கணிதர் 1930-இல் செப்பனிட்டுக் கொடுத்த வடிவம் இது. 4-இலிருந்து தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2-ஐக் கழியுங்கள். வந்ததை 2ᵖ − 1-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி வர்க்கம், மறுபடி 2-ஐக் கழித்தல். இப்படி p − 2 முறை. கடைசியில் 0 வந்தால் 2ᵖ − 1 பகா எண். வராவிட்டால் பகு எண். நடுவில் எதுவும் கிடையாது. இது நிகழ்தகவு சார்ந்த சோதனை இல்லை, நிரூபணம்.

p = 7 என்று வைத்தால் எண் 127. ஐந்து முறை செய்ய வேண்டும். 4, 14, 67, 42, 111, 0. அவ்வளவுதான், 127 பகா எண்.

2-ஐ ஏன் கழிக்கிறோம் என்பது எனக்கு நெடுநாள் உறுத்தல். 4-ஐ (2 + √3) + (2 − √3) என்று பிரித்து எழுதினால் அது தீர்ந்துவிடும். இந்த இரண்டையும் பெருக்கினால் 1. ஆக, பெருக்கினால் 1 வரும் இரண்டு எண்களின் கூட்டுத்தொகையை வர்க்கப்படுத்தினால், இரண்டின் வர்க்கங்களும் கூடவே ஒரு 2-உம் கிடைக்கும். அந்த 2-ஐ எடுத்துவிட்டால் மிஞ்சுவது வர்க்கங்களின் கூட்டுத்தொகை மட்டும். ஒவ்வொரு படியிலும் 2 + √3-இன் அடுக்கு இரட்டிக்கிறது. 125 படி போனால் அடுக்கு 2¹²⁵. இவ்வளவு உயரத்தை 125 பெருக்கலில் எட்டுவதுதான் இந்த முறையின் முழு வலு.

127 போல, 4-ஆல் வகுத்தால் மீதி 3 வரும் அடுக்குகளுக்கு 3-இலிருந்தும் தொடங்கலாம். லூக்காஸ் பிடித்தது அந்த வழியை. p = 7-க்கு 3, 7, 47, 48, 16, 0. நான் 4-ஐயே வைத்துக்கொண்டேன், எல்லா ஒற்றைப் பகா அடுக்குக்கும் அது பொருந்தும் என்பதால்.

பொத்தான் பலகை

39 இலக்க எண்ணை வர்க்கப்படுத்தினால் 77 இலக்கம் வரை போகும். அதை மறுபடி 39 இலக்க எண்ணால் வகுக்க வேண்டும், அதுவும் 125 முறை. இங்கேதான் லூக்காஸின் கெட்டிக்காரத்தனம். சதுரங்கப் பலகை போல 127-க்கு 127 கட்டம் கொண்ட பலகையில், இரும எண்களாகக் காய்களை வைத்துக் கணக்கிடும் முறையை அவர் விவரித்திருக்கிறார். வகுத்தலே வராது.

நான் 7-க்கு 7 கட்டம் வரைந்து, ஒரு டப்பா நிறையச் சட்டைப் பொத்தான்களை எடுத்துக்கொண்டேன். பொத்தான் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. மேலிருந்து கீழாக இறங்கும் கட்டங்களை நிரை என்கிறேன்; நிரைகளுக்கு வலமிருந்து 0 முதல் 6 வரை எண் கொடுத்தேன். அவற்றின் மதிப்பு 1, 2, 4, 8, 16, 32, 64.

அடுத்து வரவேண்டிய 128-க்கு நிரை கிடையாது. தேவையும் இல்லை. 127-ஆல் வகுத்த மீதியைத்தானே பார்க்கிறோம்? 128 என்பது 127 + 1. அதாவது 128-உம் 1-உம் நமக்கு ஒன்றே. இடப்பக்கம் பலகையை விட்டு வெளியே போகும் பொத்தானை எடுத்து வலக்கோடியில் வைத்துவிட்டால் வகுத்தல் முடிந்தது. எண்ணின் இரும வடிவம் முழுக்க 1-களாக (1111111) இருப்பதால் கிடைத்த வசதி இது. வேறெந்த வடிவமாக இருந்தாலும் பலகை இப்படி வளையம்போல் சுற்றிக்கொள்ளாது.

67-ஐ வர்க்கப்படுத்தியதை அப்படியே காட்டுகிறேன். 67 இருமத்தில் 1000011. பொத்தான் 0, 1, 6 ஆகிய நிரைகளில். ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு வரிசை. அந்தப் பொத்தானின் நிரை எண் எத்தனையோ அத்தனை இடம் 67-ஐ இடப்பக்கம் சுழற்றி வைக்க வேண்டும்.

1 0 0 0 0 1 1
0 0 0 0 1 1 1
1 1 0 0 0 0 1

நிரை நிரையாக எண்ணினால் இடமிருந்து 2, 1, 0, 0, 1, 2, 3. மொத்தம் 9 பொத்தான். இனி பள்ளிக்கூடத்து இனமாற்றம்தான். ஒரு நிரையில் இரண்டு பொத்தான் இருந்தால் இரண்டையும் எடுத்துவிட்டு இடப்பக்கத்து நிரையில் ஒன்று வைக்க வேண்டும். நிரை 0-இல் மூன்று. இரண்டை எடுத்து 1-க்கு ஒன்று. 1-இல் இப்போது மூன்று. இரண்டை எடுத்து 2-க்கு ஒன்று. 2-இல் இரண்டு; எடுத்து 3-க்கு ஒன்று. நிரை 6-இல் இரண்டு இருக்கிறது. எடுத்தால் அடுத்த நிரை இல்லை, சுற்றிக்கொண்டு நிரை 0-க்கு வருகிறது. அங்கே ஏற்கெனவே ஒன்று இருப்பதால் மறுபடி இரண்டு. அது 1-க்குப் போய், 1-இலிருந்து 2-க்குப் போய் நிற்கிறது.

0 1 0 1 1 0 0

32 + 8 + 4 = 44. 67-இன் வர்க்கம் 4489. 127-ஆல் வகுத்தால் மீதி 44. ஒரு வகுத்தல்கூடச் செய்யாமல் விரல் நுனியில் வந்து நின்றது. உண்மையாகவே எழுந்து நின்றுவிட்டேன். ஒவ்வோர் இனமாற்றத்திலும் பலகையில் ஒரு பொத்தான் குறைவதால் இந்த வேலை என்றாவது முடிந்தே தீரும் என்பதும் கண்ணெதிரே தெரிந்தது: 9 பொத்தான், 6 இனமாற்றம், மிச்சம் 3.

2-ஐக் கழிக்க ஒரு சின்ன உபாயம். 2-ஐக் கழிப்பதும் 125-ஐக் கூட்டுவதும் இந்தப் பலகையில் ஒன்றுதான். 125 என்பது 1111101. ஆகவே நிரை 1-ஐ மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லா நிரையிலும் ஒரு பொத்தான் போட்டு இனமாற்றம் செய்தால் கழித்தல் ஆயிற்று. 44 போய் 0101010 வந்தது. 42.

p = 7-க்கு முழுவதும் செய்ய முக்கால் மணி நேரம். அடுத்த நாள் 13-க்கு 13 பலகை வரைந்து 2¹³ − 1 = 8191-ஐச் சோதித்தேன். அது ஒரு மாலை முழுவதும் எடுத்துக்கொண்டது. 4, 14, 194, 4870, 3953, 5970, 1857, 36, 1294, 3470, 128, அப்புறம் 0.

127-க்கு 127 பலகையில் ஒரு வரிசைக்குச் சராசரியாக 63 பொத்தான் என்று வைத்தால், ஒரு படிக்கு ஏறத்தாழ 4000 பொத்தான் அடுக்க வேண்டும். 125 படிக்கு 5 லட்சம். ஒரு பொத்தானுக்கு ஒரு நொடி என்றாலும், இனமாற்றத்தை விட்டுவிட்டு, 140 மணி நேரம். லூக்காஸிடம் இருந்த பொறுமை என்னிடம் இல்லை. நிரல் எழுத முடிவு செய்தேன். ஆனால் பைத்தான் மொழியில் தயாராக இருக்கும் பெரிய எண் வசதியைத் தொடாமல், பலகையை அப்படியே நிரலாக்குவது என்று தீர்மானம். p கட்டம் கொண்ட ஒரு பட்டியல். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பொத்தான் என்ற எண்ணிக்கை.

நிரலில் பட்ட பாடு

முதல் ஓட்டத்திலேயே p = 7 தடம் புரண்டது. 4, 14, 67 வரை சரி. 67-இன் வர்க்கத்துக்கு 44 வர வேண்டிய இடத்தில் 43 வந்தது. கையால் செய்த தாள் பக்கத்தில் இருந்ததால் காரணம் ஐந்து நிமிடத்தில் அகப்பட்டது. நிரல் நிரை 0-இலிருந்து 6 வரை ஒரே ஒரு முறை இனமாற்றம் செய்தது. நிரை 6-இலிருந்து சுற்றி வந்த பொத்தான் நிரை 0-இல் விழுந்து அங்கே இரண்டாக நின்றது. இரண்டாவது சுற்று இல்லை. பொத்தான் உண்டா இல்லையா என்று மட்டும் பார்க்கும் அடுத்த வரி அந்த இரண்டை ஒன்றாக எடுத்துக்கொண்டது. எந்த நிரையிலும் இரண்டு இல்லாத வரை சுற்றிக்கொண்டே இரு என்று மாற்றினேன்.

மாற்றிய பிறகு 3 முதல் 127 வரையிலான 30 ஒற்றைப் பகா அடுக்குகளுக்கும் ஓட்டினேன். நிரல் எல்லாவற்றையும் பகு எண் என்றது. 7-ஐக்கூட. 31-ஐக்கூட. 7 பகா எண் இல்லை என்று ஒரு நிரல் சொன்னால் அதில் ஏதோ அடிப்படைத் தப்பு இருக்கிறது.

இதற்குக் காரணம் கண்டுபிடிக்க ஒரு இரவு போயிற்று. ஒவ்வொரு படியையும் அச்சிட்டுக் கைத்தாளோடு ஒப்பிட்டேன். 14, 67, 42, 111 எல்லாம் சரி. கடைசி வரி மட்டும்:

1 1 1 1 1 1 1

அப்போதுதான் என் கைத்தாளையும் திரும்பிப் பார்த்தேன். அங்கேயும் கடைசிப் பலகையில் எல்லாக் கட்டத்திலும் பொத்தான் இருந்திருக்கிறது. 111-இன் வர்க்கம் இந்தப் பலகையில் 2, அதாவது நிரை 1-இல் ஒரே ஒரு பொத்தான். 2-ஐக் கழிக்க, நிரை 1-ஐ விட்டு மற்ற எல்லாவற்றிலும் பொத்தான் போடுகிறோம். பலகை நிறைந்துவிடுகிறது. ஒரு நிரையிலும் இரண்டு இல்லை, ஆகவே இனமாற்றத்துக்கும் இடமில்லை. நிறைந்த பலகையின் மதிப்பு 127. 127-ஐ 127-ஆல் வகுத்தால் மீதி 0. கையால் செய்தபோது என் மனம் தானாகவே அதை 0 என்று எழுதிக்கொண்டது. நிரலோ எல்லாக் கட்டமும் காலியா என்று கேட்டுக்கொண்டிருந்தது. இந்தப் பலகை ஒருபோதும் காலியாகாது: இனமாற்றம் பொத்தான்களைக் குறைக்கும், ஆனால் கடைசிப் பொத்தானை எடுக்காது. ஆகவே இங்கே பூச்சியத்துக்கு உள்ள ஒரே உருவம் நிறைந்த பலகை.

கேள்வியை "எல்லாக் கட்டமும் நிறைந்திருக்கிறதா?" என்று மாற்றினேன். ஒரு சொல் திருத்தம். மறுபடி ஓட்டினேன். 3, 5, 7, 13, 17, 19, 31, 61, 89, 107, 127. முப்பதில் பதினொன்று நிறைந்தன. கடைசியில் 127 நின்றதைப் பார்த்தபோது தொண்டை அடைத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

2 மட்டும் இந்த முறைக்குள் வராது. 2² − 1 = 3 பகா எண்தான், ஆனால் அங்கே 4-இன் மீதி 1; சோதனை அதைக் கைவிட்டுவிடும். தனியாகத்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பகு எண் ஒன்றையும் கையால் சரிபார்க்காமல் விட மனமில்லை. 2047-க்குத் தாளில் போட்டுப் பார்த்தேன்: 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. நிரலும் கடைசியில் 11011001000 என்றது, அது 1736-தான். நிறையவில்லை, ஆகவே பகு எண். 23-உம் 89-உம் எங்கேயும் கண்ணில் படவில்லை என்பதைக் கவனியுங்கள். காரணியைக் காட்டாமலே காரணி உண்டு என்று சொல்லிவிடுகிறது.

கடைசிக்கு முந்தைய வரிசை

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, நான் தேடிப் போகாமல் தானாக வந்தது. தப்பைத் தேடி எல்லாப் படிகளையும் அச்சிட்டபோது கடைசிக்கு முந்தைய வரிசைகள் கண்ணில் பட்டன.

p = 13-க்கு அந்த வரிசை 128. பலகையில் நிரை 7-இல் ஒரே ஒரு பொத்தான், மற்ற 12 கட்டமும் காலி. p = 7-க்கு 111, அதாவது 1101111. நிரை 4-இல் மட்டும் ஓட்டை, மற்ற ஆறும் நிறைவு. அதற்கு முந்தைய வரிசைகள் எல்லாம் கலைத்துப் போட்டதுபோல் கிடக்கின்றன. 13-இல் 3470 என்பது 0110110001110. இதில் எந்த ஒழுங்கும் இல்லை. அடுத்த வரிசையில் திடீரென்று ஒற்றைப் பொத்தான்.

யோசித்தால் காரணம் எளிது. கடைசியில் 0 வர வேண்டுமானால் அதற்கு முந்தைய எண்ணின் வர்க்கம் 2 ஆக இருக்க வேண்டும். இந்தப் பலகையில் எதன் வர்க்கம் 2? ஒற்றைப் பொத்தானை வர்க்கப்படுத்தினால் அது தன் நிரை எண்ணைப் போல இரு மடங்கு தூரத்துக்குப் போகும். நிரை 7-இல் இருந்தால் 14-க்குப் போக வேண்டும். 13 கட்டப் பலகையில் 14 என்பது சுற்றி வந்த நிரை 1. அதன் மதிப்பு 2. ஆக 2-இன் வர்க்கமூலம் நிரை (p + 1)/2-இல் நிற்கும் ஒற்றைப் பொத்தான். பகா எண்ணின் பலகையில் ஓர் எண்ணுக்கு இரண்டு வர்க்கமூலம்தான் இருக்க முடியும்: அது, இல்லாவிட்டால் அதன் எதிர்க்குறி. எதிர்க்குறி என்றால் பொத்தானும் காலியும் இடம் மாறும். அதாவது ஒற்றை ஓட்டை.

127-க்கு (p + 1)/2 என்பது 64. 124-ஆம் படியை அச்சிட்டேன். 64-ஆம் நிரை மட்டும் மற்ற 126 கட்டங்களிலிருந்து வேறுபட்டு நின்றது. 123 படி வரை கலைந்து கிடந்த பலகை, 124-இல் ஒரே கட்டத்தில் குவிந்து, 125-இல் நிறைந்தது. லூக்காஸ் தன் 1876-ஆம் ஆண்டுக் கணக்கில் இதற்கு இணையான வரிசையைப் பார்த்த கணத்தில், கடைசிப் படியைப் போடும் முன்பே அவருக்கு விடை தெரிந்திருக்கும். 2-இன் வர்க்கமூலத்தை இவ்வளவு பெரிய எண்ணில் கண்ணால் காண முடியும் என்று இதற்கு முன் எனக்குத் தோன்றியதே இல்லை.

67

மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1644-இல் 2ᵖ − 1 பகா எண்ணாகும் அடுக்குகள் என்று ஒரு பட்டியல் கொடுத்தார். 257 வரை போகும் பட்டியல் அது. இந்த வகை எண்களுக்கு அவர் பெயர்தான் நிலைத்தது. அதில் 127 உண்டு. 61, 89, 107 விட்டுப்போயின. அவை முறையே 1883, 1911, 1914-இல் சேர்ந்தன. 67-உம் 257-உம் தப்பாக இடம்பெற்றன.

என் நிரலில் 67-இன் பலகை நிறையவில்லை. லூக்காஸும் 1876-இல் இதைத்தான் சொன்னார்: பகு எண், ஆனால் காரணி தெரியாது. 1903-இல்தான் ஃபிராங்க் நெல்சன் கோல் என்ற கணிதர் காரணிகளை வெளியிட்டார். 2⁶⁷ − 1 = 147573952589676412927 = 193707721 × 761838257287. முதலில் சொன்ன சலுகையை இதில் பொருத்திப் பார்த்தேன். 193707721-இலிருந்து ஒன்றைக் கழித்து 134-ஆல் வகுத்தால் சரியாக 1445580. மீதியில்லை. 134-இன் மடங்குகளோடு ஒன்றைக் கூட்டிக்கொண்டே போகும் சின்ன நிரலும் அதே எண்ணில் வந்து நின்றது.

127-க்கு மேலே

இந்த எண்ணுக்கு ஒரு குடும்பக் கதையும் உண்டு. 2² − 1 = 3. 2³ − 1 = 7. 2⁷ − 1 = 127. 2¹²⁷ − 1 நம் எண். ஒவ்வொன்றும் அடுத்ததன் அடுக்கு, ஒவ்வொன்றும் பகா எண். இதற்கு அடுத்த எண் பகாவா என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. அதை எழுத 5 × 10³⁷-க்கு மேல் இலக்கங்கள் வேண்டும், அதாவது பலகையே போட முடியாது. 2¹²⁶-ஆல் நம் எண்ணைப் பெருக்கினால் 77 இலக்க நிறைவெண் ஒன்று கிடைக்கும். அதன் சிறு வகுத்திகளை எல்லாம் கூட்டினால் அதே எண். லூக்காஸ் 1883-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஹனோய் கோபுர விளையாட்டிலும் இதே வடிவம்தான்: 7 வட்டுக்கு 127 நகர்த்தல், 127 வட்டு இருந்தால் நம் எண் அளவுக்கு நகர்த்தல்.

மிகப் பெரிய பகா எண்கள் பட்டியலின் முதலிடத்துக்கு மெர்சென் எண்களே திரும்பத் திரும்ப வருவதற்கு அவை மலிந்து கிடப்பது காரணமில்லை. மிகமிக அரிதானவை அவை. 52 மட்டுமே தெரியும். அவற்றை ஆராய முடிகிறது என்பதுதான் காரணம். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1-இல் 41024320 இலக்கங்கள். அதையும் முதலில் வேறொரு சோதனையில் பிடித்து, பிறகு லூக்காஸ்–லெமர் முறையில் உறுதி செய்தார்கள். பெருக்கும் வித்தை நவீனமானது. ஆனால் இடப்பக்கம் வெளியே போவதை வலப்பக்கம் சேர்த்துக்கொள்ளும் அந்தச் சுற்று அப்படியே இருக்கிறது.

நான் அடுத்து எடுத்தது 521 என்ற அடுக்கு. ராபின்சன் என்ற கணிதர் 1952 ஜனவரியில் ஸ்வாக் என்ற கணினியில் ஓட்டிக் கண்டுபிடித்தது. என் பலகை நிரல் மெதுவானது, 127-ஐப் போல நான்கு மடங்கு அகலமான பலகை. ஓட்டிவிடும் முன் தாளில் "518-ஆம் படி, நிரை 261" என்று எழுதி வைத்தேன். நிரல் ஓடி முடிந்ததும் 518-ஆம் படியைத் திறந்து வலமிருந்து எண்ணினேன். 520 கட்டம் ஒரு மாதிரி, 261-ஆம் நிரை மட்டும் வேறு மாதிரி. அடுத்த வரிசை முழுக்க 1.